இரண்டு நிமிட ஒற்றன்

தேவிகுளம்
12.06.2024

தேவிகுளம் மலைக்கும் அதைச் சுற்றிய ஐம்பத்தாறு தேசங்களுக்கும் ஜீப் ஓட்டும் பெரியமுத்து, தன் ஒரே தங்கையின் ஒரே மகளும் வருங்கால சினிமாச் சக்கரவர்த்தினியுமான ஆர்த்திக்கு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை சாந்தம்மாளும் சுகம். அட்டைக்கடியைத் தவிர வேறு கெடுதல் இல்லை. கஞ்சிக்கோட்டு வெயில் உன்னையும் உன் அம்மா செல்லக்கிளியையும் இன்னும் அப்பளமாகப் பொரித்துவிடவில்லை என்று நம்புகிறேன்.

நீ போனில் சொன்னது பாதிதான் கேட்டது. ஒற்றன் படம் ஒன்றின் தொடக்கத்தை மட்டும், இரண்டு நிமிடத்துக்கு, உங்கள் சினிமா வகுப்பில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன் அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள் என்று ஆராய்ச்சி பண்ண வேண்டும். அதற்கு எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து ஆட்களைப் பிடிக்கப் பார்க்கிறாய். சரிதானே?

ஒரு கட்டளை. இனி இதைப் பற்றி போனில் மூச்சு விடாதே. ஒற்றன் படம் எடுக்கிறவள் வாட்ஸாப்பில் திட்டம் போட்டாள் என்றால் மலையில் உள்ள வரையாடு கூடச் சிரிக்கும். கடிதம் எழுது. என் போனை உன் அத்தை எடுத்துச் சத்தமாக வாசிப்பாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் சுவரோ, இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் சளி பிடிக்கும். கடைசி வீட்டில் பெர்சி இருக்கிறான்.

பெர்சியை உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய சூப்பர்வைசர். ரிட்டயரானால் மறுமாதமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் கம்பெனி, அவனை மட்டும் சொல்லவில்லை. இப்போது ஒரு ரிசார்ட்டில் டை கட்டி நிற்கிறான். நன்றாக இருக்கிறான். அதுதான் என் சீக்கு. ஒன்பது வருடமாக அவன் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை, 'ஆமாம்' என்ற வார்த்தை, வரவேண்டும் என்று காத்திருக்கிறேன். அது வந்த மறுநொடி எமன் கூப்பிட்டாலும் ஜீப்பை எடுத்துக்கொண்டு நானே போய்விடுவேன். என்ன விஷயம் என்று கேட்காதே. சொல்ல மாட்டேன் என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் ஆராய்ச்சிக்கு என் உடல், பொருள், ஜீப் மூன்றும் தயார்.

மலையளவு பிரியத்துடன்,
மாமா

கஞ்சிக்கோடு
24.06.2024

அன்பு மாமாவுக்கு,

நாங்கள் சுகம். அப்பளம் ஆகவில்லை. அம்மாவுக்கு இந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

நீங்கள் புரிந்துகொண்டது சரிதான். வகுப்பில் எல்லோரும் எடுக்கிறோம். அவற்றில் மூன்றை மட்டும் ஜனவரியில் பாலக்காட்டில் ஒரு தியேட்டரில் நடக்கும் குறும்பட விழாவில் போடுவார்கள். எனக்கு அந்த மூன்றில் ஒன்று வேண்டும். எங்கள் ஜின்சி மிஸ், "உன் படத்தை யார் பார்ப்பார்கள் என்று தெரியாமல் கேமராவைத் தொடாதே" என்கிறார். வகுப்பில் எல்லோரும் எழுதியிருப்பது ஒன்றே: கல்லூரிப் பையன்கள், பைக், துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒற்றனைப் பற்றி வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்குமா என்று தேடுகிறேன். இரண்டே கேள்விகள் கேட்டு அனுப்புங்கள். ஒற்றன் என்றால் எப்படி இருப்பான்? அவன் படம் எந்த இடத்தில் தொடங்கினால் எழுந்து போகாமல் பார்ப்பீர்கள்?

பெர்சி அங்கிளை ஞாபகம் இருக்கிறது. எனக்கு பிஸ்கட் தருவார். அவர் மேல் உங்களுக்கு என்ன மாமா, ஜீப் ஸ்டாண்ட் சண்டையா? அம்மாவிடம் கேட்டேன். பால் பொங்குகிறது என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் பால் இல்லை.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஆர்த்தி

தேவிகுளம்
15.07.2024

மருமகளே,

சுகம். சுகமாக இரு. அத்தையின் முழங்கால் மழையை இரண்டு நாள் முன்பே சொல்கிறது. வானிலைக்காரர்கள் அதை விலைக்குக் கேட்டார்கள், தரவில்லை.

ஆராய்ச்சி ஜெயம். பதினாலாயிரம் பேரைப் பேட்டி கண்டேன். அதாவது ஜீப் ஸ்டாண்டில் நாலு பேர். ஒருவன் ஹெலிகாப்டர் வேண்டும் என்றான். இன்னொருவன் இரண்டு ஹெலிகாப்டர். மூன்றாமவன் ஒற்றனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, ஆகியிருந்தால் ரகசியம் நிற்காது என்றான். நாலாமவன் நான். என் கருத்து: ஒற்றன் ஒல்லி. நரைத்த மெல்லிய மீசை. குடையைப் பின் காலரில் மாட்டிக்கொண்டு நடப்பான். பேசுமுன் ஒரு தரம் செருமுவான். இப்படி ஒரு ஆளை நான் ஏழுலகிலும் பார்த்ததில்லை. முழுக் கற்பனை.

இதுவரை எழுதியபோது உன் அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆராய்ச்சியா? பொம்பளைக கிட்டக் கேட்டியா நீ?" என்றாள். மறுநாள் மத்தியானம் கொழுந்துக் காட்டில், சோறு தின்கிற நேரத்தில், அவளே கேட்டிருக்கிறாள். இங்கே கையில் காகிதத்தோடு யார் கேள்வி கேட்டாலும் வீடு கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பேச்சியம்மா எடுத்த எடுப்பில், "ரேஷன் கார்டு வேணுமா, ஆதார் போதுமா?" என்றாளாம். சினிமாவுக்கு என்றதும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. பிறகுதான் பேசியிருக்கிறார்கள். அத்தை சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"டிவியில வர்ற ஒத்தனெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கான். அவனப் பாத்து எவ ரகசியம் பேசுவா?"

"ஒத்தன் நம்ம கூடத்தான் உக்காந்து டீ குடிப்பான். நம்ம புள்ளைக்கு முட்டாய் குடுப்பான்."

"கூட்டத்துல நம்மள விடச் சத்தமாக் கோஷம் போடுவான். தொண்டை கட்டிக்கிற அளவுக்குப் போடுவான். அப்பத்தான சந்தேகம் வராது."

"சாயங்காலம் காத்தாட நடந்துட்டு வாரேம்பான். அன்னைக்கு மேல மேனேஜர் பங்களாவுல லைட்டு எரியும்."

"அங்க இருந்து ஆரம்பிக்கச் சொல்லு. அந்தக் கதவுக்குள்ள என்ன பேசுனான்னு கேக்குறதுக்கு நாங்க எத்தன மணி நேரம்னாலும் உக்காந்திருப்போம்."

அதோடு எல்லோரும் தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்துவிட்டார்களாம்.

ஏழுலகும் சுற்றும்,
மாமா

கஞ்சிக்கோடு
11.08.2024

அன்பு மாமாவுக்கும் அத்தைக்கும்,

இங்கே இருவரும் நலம். அத்தை மழையில் அதிகம் நனையாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பதில்களை வகுப்பில் படித்தேன். ஜின்சி மிஸ் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். உளவுப் படம் என்றால் ஒற்றனாக ஆசைப்படுகிறவர்களுக்கு என்றுதான் இதுவரை எல்லோரும் எடுத்திருக்கிறார்கள், ஒற்று பார்க்கப்பட்டவர்களுக்கு யாரும் எடுக்கவில்லை என்றார். என் பார்வையாளர்கள் யார் என்று முடிவாகிவிட்டது. நாற்பது வயதுக்கு மேல், தேயிலைக் காட்டில், பெண்கள்.

கதை இதுதான். சாலையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கூட்டம். நடுவே ஒரு ஆள் எல்லோரையும்விடச் சத்தமாகக் கோஷம் போடுகிறார். சாயங்காலம் அவர் குடையோடு மேட்டில் ஏறுகிறார். பங்களாக் கதவு திறக்கிறது. உள்ளே இருந்து ஒரு குரல், "சொல்லு" என்கிறது. திரை கறுப்பு. தலைப்பு. அவ்வளவே.

பூஜா லீவில் நாலு பேர் கேமராவோடு வருகிறோம். அறுபது வயதுள்ள, நடிக்கக்கூடிய ஒரு ஆள் வேண்டும்.

அம்மாவும் அந்தப் பதில்களை வாசித்தாள். யார் யார் சொன்னது என்று கேட்டாள். பேச்சியம்மா பெயரைச் சொன்னதும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "நல்லா எடு" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். என்னுடைய எந்த வேலையைப் பற்றியும் அவள் இதுவரை இப்படிச் சொன்னதில்லை.

முத்தங்களோடு,
ஆர்த்தி

தேவிகுளம்
09.09.2024

டைரக்டரம்மா அவர்களின் சமூகத்துக்கு, நடிகர் தேர்வுத் துறைத் தலைவர் பெரியமுத்து பணிந்து எழுதுவது. யாவரும் நலம். துறை அதைவிட நலம்.

நடிகர் கிடைத்துவிட்டார். முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரையும் தள்ளிவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். பெர்சி.

குதிக்காதே. கேள். ரிசார்ட்டு வாசலில் போய்ப் பேசினேன். ஒன்பது வருடத்தில் நானாக அவனிடம் பேசிய முதல் பேச்சு.

"பெர்சி, உன்னைய சினிமாவுக்குக் கேக்குறாங்க."

"யாரு?"

"பாலக்காட்டுல இருந்து பெரிய யூனிட்டு. என் மருமகதான் டைரக்டர்."

"செல்லக்கிளி மகளா?" என்று கேட்டான். டையை இழுத்து விட்டுக்கொண்டான். "செல்லக்கிளிக்குத் தெரியுமா?"

"அவ சொல்லித்தான் வாரேன்." (இது பொய். கணக்கில் வைக்காதே.)

"எனக்கு என்ன வேசம்?"

"சிபிஐ ஆபீசர். மாறுவேசத்துல கூட்டத்துல கலந்து, துரோகிகளக் கண்டுபிடிச்சு மேலிடத்துக்குச் சொல்றவரு."

மீசையைத் தடவினான். பிறகு ஒன்று கேட்டான் பார். "அப்ப நல்லவனா?"

"நாட்டுக்கே நல்லவன்" என்றேன்.

செருமினான். சரி என்றான். நான் திரும்பி வரும்போது ஜீப் தரையில் ஓடவில்லை மருமகளே, ஒரு முழம் மேலே ஓடியது. அவன் குடையோடு மேடு ஏறப் போகிறான். அதை நீ படம் பிடித்து ஊருக்குக் காட்டப் போகிறாய். இப்படி ஒரு நடிகர் தேர்வை எந்த ராஜாவும் யோசித்திருக்க மாட்டான்.

பூஜா லீவுக்கு ஸ்வெட்டர் கொண்டு வா. உன் அம்மாவிடம் நடிகர் யார் என்று இப்போதைக்குச் சொல்லாதே.

வெற்றிக் களிப்பில்,
மாமா

கஞ்சிக்கோடு
24.10.2024

அன்பு அத்தைக்கு,

நாங்கள் நலமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு உடுமலைப்பேட்டை வரை தாங்கவில்லை, பசங்கள் மறையூரிலேயே முடித்துவிட்டார்கள்.

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். மாமாவிடம் கேட்டால் ஐம்பத்தாறு தேசமும் வரும், பதில் வராது.

எடுத்ததை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெர்சி அங்கிளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: லயத்திலிருந்து பங்களா வரை நடங்கள். தேயிலைக்குள் போகும் அந்தக் குறுக்கு வழியை நான் காட்டவில்லை. அவராகத்தான் அதில் திரும்பினார். வளைவில் நின்று லயத்தைத் திரும்பிப் பார்க்கச் சொன்னதும் நான் இல்லை. பங்களாவுக்கு முன்வாசல் இருக்கிறது. அவர் பக்கவாட்டுக் கதவுக்குப் போனார். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமுடியை ஒதுக்கி, இரண்டு தரம் மெல்லத் தட்டினார். "இப்படிச் செய்யலாமா மோளே?" என்று என்னிடம் கேட்கவும் இல்லை. அவர் பாட்டுக்குச் செய்தார்.

பின்னால் சரிவில் நீங்கள் எல்லோரும் கத்திரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர் அந்தக் குறுக்கு வழியில் திரும்பியதும் எல்லாக் கத்திரிச் சத்தமும் நின்றுபோகிறது. அது மைக்கில் விழுந்திருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டேன்.

யார் அத்தை இவர்? அம்மாவுக்கு என்ன செய்தார்?

ஆர்த்தி

தேவிகுளம்
05.11.2024

ஆர்த்திக்கு அத்தை எழுதுவது. நாங்க நல்லா இருக்கோம். நீ நல்லா சாப்பிடு, மெலிஞ்சு போயிட்ட.

எனக்கு உன் மாமா மாதிரி எழுத வராது. நடந்ததை எழுதுறேன்.

போனசுக்காக ஸ்ட்ரைக் நடந்தப்ப நீ ஆறாம் கிளாஸ். நாங்க எல்லாரும் ரோட்டுல உக்காந்தோம். உன் அம்மாதான் எங்க வரிசைக்குப் பேசுனது. பெர்சியும் எங்க கூட உக்காந்தான். சூப்பர்வைசர் ஒருத்தர் நம்ம பக்கம் வந்துட்டாருன்னு எங்களுக்கு அவ்வளவு சந்தோசம். ராத்திரி யார் வீட்டுல கூடுறோம், யார் என்ன பேசுறா எல்லாம் அவனுக்குத் தெரியும்.

ஸ்ட்ரைக் முடிஞ்சு வேலைக்குப் போனோம். பேசுன பொம்பளைகளை மட்டும் ஒவ்வொருத்தியாத் தூரக் காட்டுக்கு மாத்துனாங்க. உன் அம்மாவை அட்டைக் காட்டுச் சரிவுல தனியா விட்டாங்க. அவ கொழுந்தை மட்டும் தண்ணி இலை, முத்தின இலைன்னு தினம் தள்ளுவாங்க. தாங்க முடியாம எழுதிக் குடுத்துட்டா. வேலை போனா வீடும் போகும். உன் படிப்புக்காகத்தான் கஞ்சிக்கோட்டுக்குப் போறோம்னு உன்கிட்டச் சொன்னா. அப்படியே இருக்கட்டும்னா. ஊரு மேல உனக்கு வெறுப்பு வரக் கூடாதுன்னு சொன்னா.

யார் காட்டிக் குடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். கேட்டதுக்கு பெர்சி வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணான். அதுக்கு அப்புறம் என்ன கேக்க முடியும். ஒன்பது வருசமா அவன் முன்னாடி நடந்துதான் காலையில பேர் குடுக்க மஸ்டருக்குப் போறோம்.

உன் மாமா அவனை நடிக்கக் கூப்பிட்டது எனக்கு ஷூட்டிங் அன்னைக்குத்தான் தெரியும். மூணு நாள் அவர்கூட நான் பேசல.

உடம்பைப் பாத்துக்க.
சாந்தம்மாள்

தேவிகுளம்
08.12.2024

மருமகளே,

நாங்கள் இருக்கிறோம். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் தபால்காரன் கொழுந்து மூட்டையில் போட்டு ஃபாக்டரிக்கு அனுப்பிவிட்டான் என்று வைத்துக்கொள்கிறேன். அத்தை உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். நான் வாக்குத் தவறவில்லை, அவள் வாக்குக் கொடுக்கவே இல்லை. ஆகவே உன் அம்மா யாரையும் கோபிக்க முடியாது.

உன் படம் மூன்றில் ஒன்றாக வந்துவிட்டதாக உன் அம்மா போனில் சொன்னாள். தேவிகுளத்தில் அன்று யானைகள் பிளிறின.

விஷயம் வேறு. பெர்சி தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வருகிறான். சினிமா எப்போது, எந்தச் சட்டை போட வேண்டும் என்று கேட்கிறான். அத்தை உள்ளேயே இருந்துகொள்கிறாள், நான்தான் டீ போடுகிறேன். மனைவி போய்விட்டாள். கல்ஃபில் இருக்கும் மகன் போன் பண்ணுவதில்லை. மீசைக்கு மை வாங்கியிருக்கிறான். முந்தாநாள், "இத்தன வருசத்துல என்னைய ஒரு எடத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்ல பெரியமுத்து" என்றான். அவன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

நான் அவனைக் கழுவில் ஏற்றத்தான் ஆசைப்பட்டேன். ஏற்றுகிற நேரத்தில் அவன், "இந்தச் சட்டை நல்லா இருக்கா?" என்று கேட்டால் என்ன பண்ணுவது? முகத்தை மட்டும் வெட்டிவிட முடியுமா? முதுகும் குடையும் போதாதா? உன் கம்ப்யூட்டரில் எல்லாம் முடியுமாமே.

மாமா

கஞ்சிக்கோடு
18.12.2024

மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன.

முதல் இரண்டுக்கும் பதில் எழுதாதது கோபத்தினால்தான். உதவி செய்கிறேன் என்று சொல்லி, என்னைக் கேட்காமல் என் படத்தில் உங்கள் பழியை ஏற்றி அனுப்பினீர்கள். கோஷம் போடும் காட்சியில் நான் அந்த ஆளின் தோளைத் தொட்டு, "சூப்பர் அங்கிள், இன்னும் சத்தமா" என்று சொன்னேன். அம்மாவின் மகள் நான். அது உங்களுக்குத் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியும், பின்னால் சரிவில் நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

முகத்தை வெட்ட மாட்டேன். முதலில் முகம் நாலு நொடிதான் இருந்தது. இப்போது பதினொன்று. வளைவில் அவர் திரும்பிப் பார்க்கும் இடத்தில் வேகத்தையும் குறைத்திருக்கிறேன். கத்திரிகள் நிற்கும் சத்தத்தை அதற்குக் கீழே வைத்திருக்கிறேன். பின்னணி இசையே கிடையாது.

அவர் தனியாக இருக்கிறார் என்கிறீர்கள். அம்மா இங்கே வந்த முதல் வருடம் தீபாவளிக்குக் கதவைச் சாத்திவிட்டு லைட்டை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் பலகாரம் கேட்டு வராமல் இருக்க. தனிமையைப் பற்றி எனக்கு எழுதாதீர்கள்.

பாவம் பார்ப்பதாக இருந்தால் அதை அம்மா பார்க்கட்டும். நீங்களும் நானும் அதைப் பார்க்க முடியாது. யார் நடித்தது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள், களைந்து முடித்தாள். "வரச் சொல்லு" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு, பகல் இரண்டு மணி. பெர்சி அங்கிளுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறேன். அத்தையையும் பேச்சியம்மா அக்காவையும் மற்றவர்களையும் முந்தின நாளே அனுப்புங்கள். என் பார்வையாளர்கள் அவர்கள்தான். நீங்களும் வாருங்கள்.

ஆர்த்தி

கஞ்சிக்கோடு
20.01.2025

அன்பு மாமாவுக்கு,

எல்லோரும் நலம். அத்தையும் மற்றவர்களும் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார்கள். ஆறு பேரும் எங்கள் ஒரே அறையில் படுத்துக்கொண்டு, தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் நான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் வரவில்லை. உங்களுக்குக் கோயம்புத்தூர் சவாரி என்று பெர்சி அங்கிள் சொன்னார். "சவாரியாவது ஒண்ணாவது" என்றாள் அத்தை.

அவர் அதிகாலையில் புறப்பட்டு, உடுமலைப்பேட்டையிலும் பொள்ளாச்சியிலும் பஸ் மாறி வந்திருந்தார். ரிசார்ட்டில் இரவல் வாங்கிய கோட்டு. மீசை கருகருவென்று இருந்தது. படம் ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோஷம் போடும் இடத்தில் பக்கத்து இருக்கைப் பையனிடம், "நான்தான்" என்றார். வளைவில் முகம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லு" என்ற குரலுக்குப் பிறகு திரை கறுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் எங்கள் ஆட்கள் மட்டும் தட்டவில்லை. அவர் எழுந்து திரும்பிக் கும்பிட்டார்.

இடைவேளையில் டீ கொடுத்தார்கள். அம்மாவும் மற்றவர்களும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். படம் பிடித்த பையன்கள், ஜின்சி மிஸ், எல்லோரும் பக்கத்தில்.

"செல்லக்கிளி, எப்பிடி நம்ம ஆக்டிங்கு?"

அம்மா அவரை நன்றாகப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறாள்.

"நல்லா இருந்துச்சுண்ணே. அப்படியே இருந்துச்சு."

அவர் சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே. எம் பேரை மொதல்ல சொன்னீங்களா, கடைசியில சொன்னீங்களா?"

அம்மா அதை எப்படிக் கேட்டாள் என்று எழுத எனக்கு வரவில்லை மாமா. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அவரும் அதே மாதிரி, மஸ்டரில் யாரோ தன் பேர் விட்டுப்போச்சு என்று கேட்டதற்குச் சமாதானம் சொல்கிற மாதிரி, சொல்லிவிட்டார்.

"சே, மொதல்ல எல்லாம் சொல்லல செல்லக்கிளி. நடுவுலதான்."

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அதிலிருந்து போய்விட்டன.

"நடுவுலயா" என்றாள் அம்மா. டீயை ஒரு வாய் குடித்தாள்.

யாரும் கத்தவில்லை. பேச்சியம்மா அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். "அப்ப எம் பேரு சார்?" என்றார். அவருக்குப் பின்னால் மாரித்தாய் அக்கா, "என்னோடது?" என்றார். பெர்சி அங்கிள் செருமினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார். அத்தை எல்லோருடைய பைகளையும் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள்.

அவர் வாசலைப் பார்த்து நடந்தார். வழிவிட்டார்கள். ஜின்சி மிஸ் என் தோளைப் பிடித்து, "இவங்கதான் உன் ஆடியன்ஸா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் அம்மா சமைத்தாள். எட்டுப் பேருக்கு. பாடிக்கொண்டே சமைத்தாள். அவளுக்குப் பாட வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன் மாமா. இல்லை.

உங்கள்,
ஆர்த்தி

தேவிகுளம்
06.02.2025

மருமகள் ஆர்த்திக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அன்று எனக்குக் கோயம்புத்தூர் சவாரி இல்லை. ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். அது பிறந்த நாளிலிருந்து இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

பெர்சி மறுநாள் வந்தான். கோட்டு கையில் மடித்திருந்தது. என் வீட்டு வாசலில் நின்று, "நீ தெரிஞ்சுதான் என்னைய நடிக்கக் கூப்பிட்டியா?" என்றான். ஆயிரம் பொய் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்றும் வரவில்லை. ஆமாம் என்றேன். ஒன்பது வருடம் அவன் வாயிலிருந்து நான் கேட்க நினைத்த வார்த்தை, என் வாயிலிருந்து வந்தது. அவன் கோட்டை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டான். "நடிப்பு நல்லா இருந்துச்சாம். எல்லாரும் கைதட்டுனாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கேள். காலையில் மஸ்டருக்குப் போகும் பெண்கள் அவன் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொருத்தியும் வாசலில் நிற்கிறாள். "சார், எம் பேரு எத்தனாவது?" என்று கேட்கிறாள். பதிலுக்கு நிற்பதில்லை, கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள். முதல் நாள் ஐந்து பேர். இப்போது எஸ்டேட்டின் மேல் டிவிஷன் லயங்களிலிருந்தும் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். கதவைப் பார்த்துக் கேட்கிறார்கள். ரிசார்ட்டுக்கும் போவதில்லை. நான் கூட்டிச் சொல்லவில்லை. இதில் கூட்டிச் சொல்ல இடம் இல்லை.

நேற்று ஜீப்பைத் திருப்பும்போது பார்த்தேன். வரிசையில் உன் அத்தையும் நின்றாள். அவள் முறை வந்ததும் கேட்டாள்.

அந்த வருடம் அவளையும் தூரக் காட்டுக்கு மாற்றினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழங்கால் அந்தச் சரிவில்தான் போனது. நான் உன் அம்மாவுக்காக ஊரே கேட்கக் கத்திக்கொண்டிருந்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது, "உன் பேரும் அதுல இருந்துச்சா?" என்று அவளிடம் கேட்டேன்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள். ரசத்தை ஊற்றிவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

பெரியமுத்து